பெட்டி வழியாக

மேசைக்கடியில் முட்டிபோட்டுத் தவழ்ந்துகொண்டே ரென்ஸ்கே கறுப்பு வயரைத் தேடினாள். எல்லா வயரும் கறுப்பாகவே இருந்தன.

"இரு வீபே, மாத்திடறேன். ஒரு நிமிஷம்."

பின்னால், ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவர் வீபே ஆள்காட்டி விரலைத் தூக்கியிருந்தார். இரண்டு நாளாகக் கண் திறக்காதவர், செல்லோ இசை தொடங்கியதும் கண் விழித்து விரலைத் தூக்கினார். அந்த விரலுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறாள். 'அதோ, அங்கே பிழை' என்று பொருள். அவசரத்தில் இசையை, கணினியின் எண்களை ஒலியாக்க அவரே செய்த பெட்டி வழியாக விடாமல், கணினியிலிருந்து நேராகப் போட்டுவிட்டிருந்தாள்.

கணினிக்கு நூறு வேலை, நேரத்தை அதன் கையில் கொடுக்கக் கூடாது என்பார் வீபே. கணினியில் இசை வெறும் எண்கள்தான்; அவை அப்படியே வந்து சேரும், ஒவ்வொன்றும் ஒலியாக மாறும் கணம்தான் இம்மி பிசகும். அதனால் பெட்டியின் கடிகாரம்தான் நேரம் பார்க்க வேண்டும், பெட்டி கேட்கும்போது கணினி எண்களைக் கொடுத்தால் போதும்.

"எனக்கும்தான் நூறு வேலை. சாப்பாடு நேரத்துக்கு வரலையா?" என்பாள் ரென்ஸ்கே. அவளை முதுகு காட்டி உட்காரவைத்து இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டுவார். அவள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். சூப் அடிபிடித்துவிடுமே என்று, "ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இணைப்பைப் பிடுங்கியதும் அறை அமைதியானது. கட்டிலருகே இருந்த மகள் யிக்கே, "விடும்மா, இங்க வந்து உக்காரு" என்றாள்.

"உங்கப்பாவுக்கு இதெல்லாம் சரியா இருக்கணும்டி."

சிக்கலைப் பிரித்து, பெட்டியில் செருகி, மறுபடி இசை எழுந்தபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "இப்ப கேளு" என்று சிரித்தபடி மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள். யிக்கே அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை, ஆறிப்போன காபிக்கு முன்னால் அமர்ந்து ரென்ஸ்கே மெதுவாகக் கேட்டாள். "பாட்டு நின்னதும் விரல இறக்கிட்டாரா?"

யிக்கே கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இறக்கிட்டாரும்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. ரென்ஸ்கே ஆறிய காபியைத் தொட்டியில் கொட்டினாள்.

தகன மண்டபத்தில் பாட்டைக் கணினிக் கோப்பாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைக் கொண்டு வரலாமா என்று யிக்கே கேட்டதற்கு, இங்குள்ள ஏற்பாடே போதும் என்றுவிட்டார்கள். சவப்பெட்டிமேல் வெள்ளை டூலிப் பூக்கள். அக்கம்பக்கத்தார் தலைகுனிந்து அமர்ந்திருக்க, அதே செல்லோ ஒலித்தது.

நடுவில் ஓரிடத்தில் டிக்கென்று ஒரு சத்தம். மண்டபத்துக் கணினியின் கடிகாரமும் அங்கே ஒலியாக்கும் கருவியின் கடிகாரமும் தத்தம் போக்கில் ஓடி, ஓரிடத்தில் ஒத்துவராமல் போயிருக்க வேண்டும். யாரும் தலை நிமிரவில்லை. ரென்ஸ்கேவுக்குக் கேட்டது. மடியிலிருந்த அவள் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது.

இசை சீராகிப் போய்க்கொண்டிருந்தது. விரல் இறங்கவில்லை.

யிக்கே அதைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.