வலி, பத்துக்கு எத்தனை?

உடற்பயிற்சி மேடம் காலையில் மைதானத்துக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். டென்னிஸ் பிள்ளைகளை வலைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, "உடம்பு எப்படி? வலி பத்துக்கு எத்தனை?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாள். ஒன்று, இரண்டு என்றால் ஓடலாம், ஆடலாம். ஐந்து என்று வாயைத் திறந்தால் போச்சு, மூலையில் கிடக்கிற சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதிக்க வேண்டியதுதான். அது நின்ற இடத்திலேயே சுற்றுகிற சைக்கிள். மிதிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றதெல்லாம், "ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று கிண்டலடிக்கும்.

எவ்வளவு அக்கறையான ஏற்பாடு! மேடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வளர்கிற எலும்பைப் போட்டு வாட்டக் கூடாது, வலிக்கிற பிள்ளைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவளே போட்ட விதி. அந்த விதி வந்த பிறகு மைதானத்தில் யாருக்கும் வலியே இல்லை. எல்லாரும் ஒன்று, எல்லாரும் இரண்டு. மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

வரிசையின் கடைசியில் நிற்பவள் மேடத்தின் அக்கா மகள். வாண்டு என்று கூப்பிடுவார்கள். மட்டையைவிடக் குள்ளமாக இருந்தபோது வைத்த பெயர். இந்த ஒரு வருஷத்தில் மளமளவென்று வளர்ந்து சித்தியின் தலையைத் தாண்டிவிட்டாள், பெயர்தான் வளரவில்லை. ஆட்டமும் அப்படி ஏறிவிட்டது. அவள் வயதில் அவளை ஜெயிக்கிறவர்கள் இப்போது ரொம்பக் குறைவு. மறுநாள் காலை ஜூனியர் அணிக்கான தேர்வு ஆட்டம். ஜெயித்தால் வெளிநாட்டுப் பயணம், நாட்டின் பெயர் எழுதிய சட்டை.

"எத்தனை?" என்றாள் மேடம்.

"ரெண்டு, மேடம்," என்றாள் வாண்டு, சிரித்த முகமாக.

சிரித்துவிட்டுப் போய் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்து ஷூ நாடாவைக் கட்டினாள். மேடம் பார்த்தாள். நேற்றும் அப்படித்தான் கட்டினாள், முந்தாநாளும். கீழே கிடந்த பந்தை எடுக்கக்கூடக் குனியவில்லை, மட்டையாலும் காலாலும் உருட்டித் தூக்கிக்கொண்டாள். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அப்படித்தானே எடுக்கிறார்கள், ஸ்டைல் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அவள் சர்வ் போட்டதைப் பார்த்ததும் மேடம் இரண்டடி முன்னால் வந்து நின்றாள். பந்தை மேலே தூக்கிப் போட்டு, முதுகைப் பின்னால் வளைத்து அடிக்கிற பிள்ளை அது. இப்போது முதுகு வளையவே இல்லை. பந்தைத் தாழ்வாகப் போட்டு, கட்டை மாதிரி நின்று, கையால் மட்டும் அடித்தாள்.

"பாத்தீங்களா மேடம், புது சர்வ்!" என்று ஓடிவந்தார் கோச். நிமிஷத்துக்கு ஒரு விசில் அடிப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் குக்கர். "எதிராளி கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள பந்து போயிடுது. நான் சொல்லிக்கூடக் கொடுக்கல, தானா வந்திருக்கு!"

தானாக வந்ததாம்!

சாயங்காலம் வீட்டில் அக்கா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவள் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். வாண்டு சமையலறையில் நின்றுகொண்டே பால் குடித்தாள். இப்போதெல்லாம் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள்.

"ஒரு கால்ல நில்லு. அப்படியே பின்னால வளை," என்றாள் சித்தி.

"எதுக்கு சித்தி? மைதானத்துலதான் உயிர வாங்குறே, வீட்லயுமா?"

"வளைடி."

வாண்டு வளைந்தாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஆனால் மேடையின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. மேல்உதட்டில் வியர்வை அரும்பியது.

"எத்தனை?"

"ரெண்டு."

"நம்பர விடு. வலிக்குதா, இல்லையா?"

வாண்டு நிமிர்ந்து டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். "எல்லாருக்கும்தான் வலிக்குது. எல்லாரும் ரெண்டுன்னுதான் சொல்றோம். போன வருஷம் ஒருத்தி ஏழுன்னு உண்மைய சொன்னா. என்ன ஆச்சு? சைக்கிள்ல போட்டே, டீம்லயும் பேர் போச்சு. இப்ப அவ ஆடவே வர்றதில்ல. நாங்க என்ன முட்டாளா?"

சித்திக்கு அந்த ஏழு சொன்ன பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. நல்லதுக்குத்தானே செய்தோம் என்று மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே படுத்தும்விட்டது. இத்தனை நாளும் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், பொய் சொல்ல.

"நாளைக்கு நீ ஆடக் கூடாது. முதல்ல ஸ்கேன்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் சித்தி! ப்ளீஸ்! அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

"வளர்ற எலும்புடி அது. விரிசல் விட்டிருந்தா, அதோட ஆடினா, அப்புறம் ஆயுசுக்கும் ஒட்டாது."

அக்கா வந்ததும் வீடு இரண்டுபட்டது. "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லேன்னு பிள்ளையே சொல்லுது. உனக்கென்னடி? கடைசி நேரத்துல குட்டையக் குழப்பாதே," என்று அக்கா பிடித்தபிடியாய் நின்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தினமும் காலையில் மகளை மைதானத்தில் விட்டுவிட்டு, அலுப்போடு வேலைக்கு ஓடி, வருஷக்கணக்காகக் காத்திருந்த நாள் அது.

மறுநாள் காலையில் மேடம் நேரே கோச்சிடம் போனாள்.

"சார், வாண்டு ஆடக் கூடாது. முதுகுல ஏதோ இருக்கு."

கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன மேடம் விளையாடுறீங்களா? நேத்து காலைல என்கிட்ட என்ன சொன்னீங்க? எல்லாரும் ஒண்ணு, ரெண்டு, யாருக்கும் பிரச்சினை இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? தினமும் அதத்தானே சொல்றீங்க?"

மேடம் கேட்டு வாங்கிய எண்கள் அவளையே மடக்கிவிட்டன.

கோச் திரும்பி, "ஏம்மா வாண்டு, எத்தனை?" என்றார்.

"சைபர், சார்!" என்று கத்தினாள் வாண்டு. அதோடு விடவில்லை. "சித்தி ஒரு காலத்துல ஆடி, டீமுக்கு வர முடியாமப் போனவங்க, சார். நான் போறது அவங்களுக்குப் பொறுக்கல."

கூடியிருந்த பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தூக்கி வளர்த்த பிள்ளையின் வாயிலிருந்து வந்த வார்த்தை சித்தியைக் கூனிக்குறுக வைத்தது. திரும்பி நடந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு யாராவது என்றால் போயிருப்பார்கள், எக்கேடும் கெட்டுப் போ என்று. அவள் போகவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். சர்வ் போடத் தயாராக நின்ற பிள்ளையின் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கினாள்.

வாண்டு பதறித் திமிறினாள். திமிறும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது. உடனே "ஆ" என்று ஒரு சத்தம், அடக்கப் பார்த்தும் அடங்காமல், மைதானம் முழுக்கக் கேட்டது.

கோச்சுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் விசில் அடிக்கவும் இல்லை. "கூட்டிட்டுப் போங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னு வந்துச்சுன்னா, இந்த கேட்டுக்குள்ள நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது."

"சரி, சார்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், கூட வந்த அம்மாவையும் சித்தியையும் பார்க்காமல், வாண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இருக்கக் கூடாது, வேலை போனால் போகட்டும் என்று சித்தி வேண்டிக்கொண்டே வந்தாள். தான் சொன்னது பொய்யாக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எலும்பு டாக்டர் நடுத்தர வயதுப் பெண். ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் நிறுத்தினாள்.

"கீழ் முதுகுல, இடது பக்கம் விரிசல். வலது பக்கமும் ஆரம்பிச்சிருக்கு. இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல, பல மாசமா ஓடிக்கிட்டிருக்கு. எப்படித் தாங்கினா இந்தப் பிள்ளை?"

அக்கா நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டாள். "ஆட முடியுமா டாக்டர்?"

"இப்ப நிறுத்தினதால வலது பக்கம் ஒட்டிடும்னு நம்புறேன். இடது பக்கத்தப் பத்தி இன்னைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. இடுப்புல பெல்ட் போடணும், ஓய்வு வேணும். இந்த வருஷம் மட்டையத் தொடக் கூடாது."

அணி போயிற்று, பயணமும் போயிற்று. வாண்டு கத்துவாள், கையில் கிடைத்ததை வீசுவாள் என்று சித்தி எதிர்பார்த்தாள். அவள் எழுந்து கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க டாக்டர்?"

டாக்டர் பேனா முனையால் காட்டினாள். முடி அளவுக்கு ஒரு கோடு. வாண்டு அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சித்தியின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நெஜமாவே வலிச்சுதா, சித்தி?"

சித்திக்குப் புரியவில்லை. "என்னடி கேக்குறே?"

"தினமும் ரெண்டு ரெண்டுன்னு சொல்லிச் சொல்லி, ரெண்டுதான் போலன்னு நெனச்சுட்டேன். மத்தவங்கல்லாம் அதே ரெண்டோட ஓடுறாங்க, எனக்கு மட்டும் முடியலையே, நான்தான் சோம்பேறி, நான்தான் நடிக்கிறேன்னு... படுத்தாக்கூட என்னையே திட்டிக்கிட்டு இருப்பேன்."

"நீ நடிக்கலடி. நெஜமாத்தான் வலிச்சுது, கண்ணு," என்று சித்தி கையை நீட்டினாள். "எனக்குத்தான் கேக்கத் தெரியல."

வாண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது. "வலிக்குது, சித்தி," என்றாள். சொல்லலாமா கூடாதா என்று இன்னும் சந்தேகம் தீராதவள் மாதிரி ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குது," என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.