துவைக்கக் கூடாத கோட்டு

லாண்டரியம்மாவுக்கு அழுக்குத் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துப்போய்க் கிடந்த நேரத்திலும் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் இருந்த மைக்கறையைத் தொட்டுக் காட்டி, கடைக்கு அனுப்பும்படி சைகை செய்தவள் அவள். மறுநாள் டாக்டரும் அனுப்பிவிட்டார்.

அவள் கடையிலிருந்து போகும் எந்த மூட்டையிலும் மல்லிகை வாசம் இருக்கும். கடைசி அலசலில் அவளே கலக்கும் வாசனைத் திரவம் அது. யாராவது தெருவில் கடந்து போனால், அது அவள் கடைத் துணியா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வேறு கடைக்காரர்கள் எவ்வளவோ முயன்றும் அந்தக் கலவை அவர்களுக்குப் பிடிபடவில்லை.

மாடியில் குடியிருந்த நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று ஒண்டிக்கட்டையாக இருந்துவிட்டவள். ஒரு நாள் வேனில் ஒரு சின்னப் பெண் படப் புத்தகத்தைக் காட்டி, "ஆன்ட்டி, இந்த மானுக்குக் கொம்பே இல்ல, பன்னி மாதிரி பல்லு இருக்கு" என்றாள். கஸ்தூரி மான். நாத்தனார் நம்பவில்லை. மானுக்காவது கோரைப்பல்லாவது. வேன் முழுக்கச் சிரித்தது. "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று வாயை விட்டாள். அதன்பிறகு இரண்டு முறை பனிமலைப் பூங்காவுக்குப் போய், இரண்டு முறையும் சளியோடும் குருவிப் படங்களோடும் திரும்பினாள். வேனில் கதவு திறந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "பாத்தீங்களா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

இப்போது முழங்கால் வேறு. வருஷக்கணக்காகக் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன். "அதுக்கப்புறம் சமதரை மட்டும்தான். மலையெல்லாம் மறந்துடுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மானைப் பார்ப்பதென்றால் இந்த ஒரு முறைதான். தனியாகப் போகக் காலும் இடம் கொடுக்கவில்லை.

"உங்க அண்ணியக் கூட்டிக்கிட்டுப் போ. மூட்டையையும் தூக்குவா, உன்னையும் தூக்குவா" என்றார் அண்ணன்.

நாத்தனாருக்கு உள்ளூர உதறல்தான். ரயிலில் ஏறியதிலிருந்து பாடம் எடுத்தாள். சத்தமாகப் பேசக் கூடாது. சிவப்பு உடுத்தக் கூடாது. கையை ஆட்டி ஆட்டி நடக்கக் கூடாது. கொடிக்கயிறும் கிளிப்பும் வாசனைக் குப்பியும் இருந்த பையை மடியில் வைத்தபடி, லாண்டரியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். துவைக்கக் கூடாது என்று மட்டும் நாத்தனார் சொல்லவில்லை. அது யாருக்குத்தான் தோன்றும்?

பூங்கா வாசலில் இருந்த விடுதிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வழிகாட்டி அங்கே காத்திருந்தார். நடுவயது, கட்டையான ஆள். புதரை முகர்ந்து பார்த்தே எது எப்போது போனது என்று சொல்லிவிடுவதால் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தன் கோட்டைத் தாழ்வாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, அனுமதிச் சீட்டு வாங்க அலுவலகத்துக்குப் போனார். நாத்தனார் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்தாள். நல்ல வெயில். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லாண்டரியம்மா அந்தக் கோட்டைப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மூக்கர் திரும்பி வந்து தாழ்வாரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"என் கோட்டு எங்க?"

"கொடியில."

"எந்தக் கொடியில?"

"இங்க என்ன பத்துக் கொடியா இருக்கு? இப்ப நான் கட்டினேனே, அதுல."

பின்கட்டுக்குப் போனவர் அசையாமல் நின்றார். அவருடைய கோட்டு மட்டுமில்லை. குல்லா, கையுறை, கம்பளிகள், பெண்கள் இருவரின் கோட்டுகள் எல்லாமே வரிசையாகக் கிளிப்புப் போட்டுத் தொங்கின. மலையடிவாரமே மல்லிகைத் தோட்டம் போல மணந்தது.

"அம்மா, இத ரெண்டு சீசனாத் தண்ணியில காட்டாம வெச்சிருந்தேன்."

"தெரிஞ்சுது. மூணு வாளித் தண்ணி கறுப்பாவே போச்சு. காசெல்லாம் வேணாம், வெச்சுக்குங்க."

"காசா! அம்மா, கஸ்தூரி மான் மூக்காலதான் பாக்கும். கண்ணு அதுக்கு ரெண்டாம்பட்சம். புகை நாத்தம், மாட்டு நாத்தம் எல்லாம் அதுக்குப் பழக்கம். மேய்க்கிறவன் போறான்னு நெனச்சு விட்டுடும். இந்த வாசத்த அது பொறந்ததுலேருந்து முகர்ந்திருக்காது. நாம மலை ஏறுறதுக்கு முன்னாடியே அது அடுத்த மலைக்குப் போயிடும்."

"மறுபடி வெறும் தண்ணியில அலசிட்டா?"

"போகுமா?"

லாண்டரியம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவள் கலவை மூன்று அலசலுக்கும் போகாது. அதுதானே அவள் கடையின் பெருமை. ஈரம் காய நேரமும் கிடையாது. சீட்டில் நாளைய தேதி அடித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு நொண்டிக்கொண்டே வந்த நாத்தனார் கொடியைப் பார்த்தாள். "பரவால்ல அண்ணி" என்றாள்.

லாண்டரியம்மாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நாத்தனார் கத்தினால் அரை மணியில் கோபம் ஆறிவிடும். 'பரவால்ல' என்று சொன்னால் சாமானியத்தில் ஆறாது. இரவல் கொடுத்த ரேடியோவை அண்ணன் உடைத்தபோது சொன்ன 'பரவால்ல' இன்னும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் ஏறினார்கள். ஊசியிலை மரங்கள், அதற்கு மேல் சிவப்புப் பூ பூத்த மரக்கூட்டம், அதற்கும் மேல் காகிதம் போலப் பட்டை உரியும் வெள்ளை மரங்கள். நாத்தனார் கோலை ஊன்றி, முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி, ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறினாள். செங்குத்தான இடங்களில் லாண்டரியம்மா பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தாள். ஈரப் போர்வை மூட்டைகளைத் தூக்கிப் பழகிய தோள் அது.

காடு அவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. எதிர்ப் பாறையில் காட்டாடுகள் மேய்வதை மூக்கர் தொலைநோக்கியில் காட்டினார். லாண்டரியம்மா கண்ணை வைப்பதற்குள் காற்று திரும்பியது. ஒரு ஆடு தலையைத் தூக்கியது, பக்கத்து ஆடு தூக்கியது, பிறகு போலீஸ் வந்த சீட்டாட்டம் மாதிரி மொத்தமும் கலைந்தது. ஏழு நிறத்தில் மின்னும் கோழி ஒன்று கூச்சல் போட்டுக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. மரத்தில் கரடி கீறிய தடம் இருந்தது, கரடி இல்லை. தேனீக்கள் மட்டும் லாண்டரியம்மாவை விடாமல் சுற்றின.

"உங்களுக்கு ரசிகர் கூட்டம் சேந்துடுச்சு" என்றார் மூக்கர்.

"இருக்கட்டும். தரம் தெரிஞ்ச ஜென்மங்க" என்றாள் அவள். நாத்தனார் சிரிப்பாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிக்கவில்லை.

காவலர்கள் எப்போதாவது வந்து தங்கும் கல்குடிசை ஒன்றில் மூட்டைகளை இறக்கினார்கள். ஒரு அறை, ஒரு அடுப்பு, மூலையில் குவிந்து கிடந்த பழைய போர்வைகள். குடிசைக்கு மேலே ஒரு பெரிய பாறை. பாறைக்கு எதிரே திறந்த சரிவு. சரிவின் நடுவில் மூக்கர் மண்டியிட்டு உட்கார்ந்து, கறுப்பு மணிகள் போல் குவிந்திருந்த எதையோ காட்டினார்.

"இதுதான் அதோட கக்கூசு."

"மானுக்குக் கக்கூசா?" என்றாள் லாண்டரியம்மா.

"ஒரே எடத்துலதான் போகும். தினம் பொழுது சாயுறப்ப மேல காட்டுலேருந்து எறங்கி வரும். மனுசனவிட ஒழுங்கு."

"எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இதக் கொண்டுவந்து காட்டணும்."

அன்று மாலை மூவரும் பாறைக்குப் பின்னால் மூச்சை அடக்கி உட்கார்ந்தார்கள். சரிவில் எதுவும் வரவில்லை. ஆனால் இடதுபக்கம், புதர் மண்டிய குறுகலான ஓடையில் இலைகள் அசைந்தன. கல் ஒன்று உருண்டது. அத்தோடு சரி.

"ஓடை வழியா எறங்குது" என்று முணுமுணுத்தார் மூக்கர். "நாம வர்றப்ப இந்தச் சரிவுல நடந்தோம்ல, புல்லெல்லாம் நம்ம வாசம். அதான் வழிய மாத்திக்கிச்சு. ஓடைக்குள்ளயே பதுங்கி இருந்துட்டு, நல்லா இருட்டினப்புறம்தான் குவியலுக்கு வரும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. கிட்டப் போனா ஓடிடும்."

மறுநாளும் அதே கதை. இலை அசைந்தது, மான் தெரியவில்லை. அன்றிரவு லேசாகப் பனி பெய்தது. காலையில் சரிவு வெள்ளைத் துணி விரித்ததுபோல் கிடந்தது. அடுத்த நாள் விடிந்ததும் இறங்கியாக வேண்டும். மீதி இருந்தது அந்த ஒரு மாலைதான்.

நாத்தனார் குடிசை வாசலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிப் பளபளவென்றிருந்தது. "பசங்ககிட்ட இல்லன்னே சொல்லிடறேன் அண்ணி. பழக்கம்தானே" என்றாள்.

அந்தப் பேச்சு லாண்டரியம்மாவைச் சுட்டது. எழுந்து குடிசையைச் சுற்றி நடந்தாள். நேற்று மாலை காற்று எந்தப் பக்கம் போனது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. துணிக்காரிக்கு அது மறக்காது. விடுதியிலும் பகலில் கொடித் துணி மலையைப் பார்த்துப் படபடத்தது. வெயில் இறங்கியதும் அதே துணி பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. அவள் நின்றாள். பிறகு, விறகு உடைத்துக்கொண்டிருந்த மூக்கரிடம் வேகமாகப் போனாள்.

"மூக்கரே, வாசம் இருக்கிற பக்கம் அது வராது, அப்படித்தானே?"

"அதத்தானே மூணு நாளாச் சொல்றேன்."

"அப்ப வாசத்த ஓடையில வெப்போம். சரிவுலதான் பனி மூடியாச்சே, அங்க நம்ம வாசம் இருக்காது. ஓடையோட மேல்வாயில எல்லாத் துணியையும் கட்டித் தொங்கவிட்டா, சாயங்காலக் காத்து மேலேருந்து கீழ எறங்குமா, ஓடை பூரா மல்லிகை ரொம்பிடும். மான் வந்து பாக்கும், சீன்னு சொல்லிட்டுச் சரிவுக்குத் திரும்பும். கக்கூசுக்குப் போயாகணும்ல?"

மூக்கர் கோடாலியைக் கீழே வைத்தார். மூக்கைச் சொறிந்தார். "மிருகத்த வெரட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கும்மா."

"துணி காயப்போடக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இந்த ஒரு தடவதான். மான் போனதும் துணியெல்லாம் அவுத்துடணும். ஒரு கிளிப்பு கூடக் கெடக்கக் கூடாது."

"என் கிளிப்ப நான் எங்கயும் விட்டுட்டு வந்ததில்ல."

பொழுது சாய்வதற்கு வெகு முன்பே இருவரும் ஓடையின் மேல்வாய்க்கு ஏறினார்கள். லாண்டரியம்மா இரண்டு மரங்களுக்கு நடுவே கொடியை இழுத்துக் கட்டினாள். கோட்டு, குல்லா, கையுறை, கம்பளி என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு மாட்டினாள். இஸ்திரி போடும் முன் செய்வதுபோல் விரலால் தண்ணீர் தெளித்தாள். ஈரம் பட்டதும் மல்லிகை குப்பென்று எழுந்தது. ஆண்டவன் மூக்கிலும் ஏறியிருக்கும்.

திரும்பி வந்தபோதுதான் அடுத்த சங்கதி புரிந்தது. கோட்டு எல்லாம் கொடியில். பாறைக்குப் பின்னால் எதைப் போர்த்திக்கொண்டு உட்காருவது?

மூக்கர் மூலையில் கிடந்த போர்வைகளைத் தூக்கிப் போட்டார். தூசு பறந்தது. புகை, ஆட்டுக்கொழுப்பு, எந்தக் காலத்து வியர்வையோ. லாண்டரியம்மா இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தாள்.

"இத எப்பத் துவைச்சது?"

"இது தண்ணியப் பாத்ததே இல்லம்மா."

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் போன கோணலில் மூன்று நாளாக அடைத்துக்கிடந்த சிரிப்பு அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "போத்திக்குங்க அண்ணி, பரவால்ல" என்றாள். இது வேறு 'பரவால்ல'. லாண்டரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள்.

உட்கார்ந்தார்கள். வெயில் சரிவைவிட்டு ஏறி ஏறி, மேலே காட்டின் நுனியில் மட்டும் நின்றது. காற்று திரும்பியது. போர்வைக்குள் எதுவோ அவள் கழுத்தில் ஊர்ந்தது. அவள் அசையவில்லை.

ஓடையின் மேல்வாயில் கிளை ஒன்று அசைந்தது. நின்றது. உஸ்ஸென்று ஒரு சீறல். யாரோ கோபமாக மூக்கைச் சிந்தியதுபோல. போய்விட்டது என்று லாண்டரியம்மா நினைத்தாள். நாத்தனாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

வெள்ளை மரங்களுக்கு நடுவிலிருந்து அது சரிவில் கால் வைத்தது.

ஆட்டுக்குட்டிக்குக் கொஞ்சம் பெரிசு. பழுப்பு நிறம். முன்னங்காலைவிடப் பின்னங்கால் உயரம், எந்நேரமும் குதிக்கத் தயாராக இருப்பதுபோல. முயல் காது. கொம்பு கிடையாது. பனியில் நாலு அடி வைத்துத் தலையைத் திருப்பியபோது, மேலுதட்டிலிருந்து இரண்டு பற்கள் வெள்ளையாக, ஊசியாகக் கீழே இறங்கியிருந்தன. மான் அவர்கள் பக்கம் மூக்கைத் தூக்கிப் பார்த்தது. புகையும் கொழுப்பும் வியர்வையும், யாரோ மேய்க்கிறவர்கள். அதற்கு அக்கறை இல்லை. நிதானமாகக் குவியலுக்கு வந்து, திரும்பி நின்று, வந்த வேலையை முடித்தது. பின்னங்காலால் பனியைத் தள்ளி மூடியது. அப்புறம் ஒரே துள்ளல், அடுத்த துள்ளலில் மரங்களுக்குள் இல்லை.

நாத்தனார் போர்வையைத் தலையிலிருந்து தள்ளினாள்.

"பல்லு இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "நெஜமாவே பல்லு இருக்கு."

"இருக்குடி. உன் அண்ணன் பல்லவிட நல்லாவே இருக்கு."

"பசங்ககிட்டப் பல்ல மொதல்ல சொல்லவா, கக்கூசச் சொல்லவா?"

"கக்கூசச் சொல்லு. ஒரு வாரம் வேன்ல ஒருத்தனும் அடங்க மாட்டான்."

மூக்கர் ஏற்கனவே ஓடைக்கு ஏறிக்கொண்டிருந்தார். லாண்டரியம்மாவும் போய்த் துணிகளை எடுத்தாள். தரையைக் குனிந்து பார்த்து ஒவ்வொரு கிளிப்பையும் பொறுக்கினாள். மூக்கர் தன் கோட்டை வாங்கி முகர்ந்து பெருமூச்சு விட்டார். "நாளைக்கழிச்சு அடுத்த கூட்டம் வருது. இதப் போட்டுக்கிட்டு நான் யாருக்கு என்னத்தக் காட்டுறது? அடுப்புக்கு மேல தொங்கப்போட வேண்டியதுதான்."

"குடுங்க இப்படி."

"நீங்களா? வேணாம்மா, போதும்."

"அட, குடுங்கன்னா."

குடிசைக்குள் அவள் அடுப்பில் ஈரச் சுள்ளியாகப் பார்த்துப் போட்டாள். கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கைகளை விரித்துக் குச்சி கொடுத்து, புகைக்கு நேரே கட்டினாள். நாத்தனார் காலை நீட்டிக்கொண்டு, படுத்தபடியே வேடிக்கை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கர் எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றார்.

லாண்டரியம்மா கோட்டின் மடிப்பைப் பிரித்து மூக்கைப் புதைத்தாள். புகையில் கண்ணீர் வழிந்தது.

"முதுகு நல்லா நாறுது. அக்குள்லதான் இன்னும் சரியா ஏறல" என்றாள். "அவசரப்படாதீங்க. அரைகுறையா நான் எந்தத் துணியையும் குடுத்ததில்ல."