ஒட்டாத இழை

உத்திரத்துக்கு அடியில் முட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்ததிலிருந்து என் திரையில் கோடு அசையவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் சந்தேகம். தாங்கி நிற்பதை உருவினால் எந்த உத்திரமும் மயிரிழையாவது தொய்ந்தே ஆக வேண்டும். மேலே தளத்தில் கல் அடுக்கும் ஆட்கள். அடியில் முட்டுகளைப் பிரிக்கும் சென்டரிங் மேஸ்திரி, என் கூடப்பிறந்த அண்ணன்.

கான்கிரீட் போடுவதற்கு முன்பே கம்பியோடு கண்ணாடி இழையை ஒட்டியவள் நான். கம்பி இழுபட்டால் இழையும் இழுபடும், உள்ளே ஓடும் ஒளி மாறும், திரையில் கோடு ஏறும். சூடு பட்டாலும் ஏறித் தொலைக்கும். அதற்காகப் பக்கத்திலேயே ஒரு குழாய்க்குள் இன்னொரு இழையை எதிலும் ஒட்டாமல் சும்மா விட்டிருப்போம். அது சூட்டை மட்டும் சொல்லும். அதைக் கழித்தால் மிஞ்சுவது கம்பி படும் பாடு, திரையில் ஓடுவது அந்த மிச்சக் கோடுதான். அண்ணனுக்கு இந்த இழையெல்லாம் பின்னலில் வைக்கும் சவுரி முடி. உன் சவுரி இன்னிக்கு என்ன சொல்லுது என்று கிண்டலடித்துவிட்டுத்தான் காலையில் உள்ளே போனான்.

கழிக்காமல் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒட்டிப்பிறந்தவை மாதிரி சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தன. அப்படியானால் உத்திரம் சூடாகியிருக்க வேண்டும். வானமோ காலையிலிருந்து மூட்டம். ஓடிப்போய் உத்திரத்தில் கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. யாரோ குழாயின் வாயைச் சரியாக அடைக்கவில்லை. சிமெண்டுப் பால் உள்ளே இறங்கி இறுகியிருக்கிறது. சும்மா கிடக்க வேண்டிய இழையும் கம்பியோடு இழுபடுகிறது. இழுப்பிலிருந்து இழுப்பைக் கழித்துவிட்டு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருக்கிறோம், பாழாய்ப்போன கணக்கு.

இன்ஜினியரிடம் சொன்னேன். திரையில் பச்சை எரியும்போது சந்தேகத்துக்காக வேலையை நிறுத்த முடியுமா, மேலிடத்தைக் கேட்கிறேன் என்று போனோடு ஒதுங்கினார். அவர் கேட்டு முடிக்கட்டும். நான் உத்திரத்தின் ஓரத்துக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"அண்ணா, எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வா. உத்திரம் இறங்குது."

ஏன், எப்படி என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவுரி என்றும் சொல்லவில்லை. ஆட்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தான்.

"எந்த இடத்துல?"

"நடுவுல. நீ திரும்பப் போகாத."

"மேல இருக்கறவங்க இறங்கற வரைக்குமாவது அது நிக்கணும்ல? நீ போய்த் திரையப் பாரு."

கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, பிரித்துப் போட்ட முட்டுக் கம்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போய்விட்டான். மேலே பார்த்து எல்லாரும் இறங்குங்கள் என்று கத்திவிட்டுத் திரைக்கு ஓடினேன்.

கழிக்காத கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் தடதடவென்று ஆட்கள் இறங்கும் சத்தம். உள்ளே அண்ணன் கம்பத்தை நிறுத்தி ஆப்பு அடிக்கிறான். நங். கோடு துடித்தது. இருக்கிறான். நங். துடித்தது. இருக்கிறான்.

ஆப்பு அடிக்கும் சத்தம் நின்றது. கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன்.