பெட்டியா, சாய்மானமா

புது மோட்டார் சைக்கிள் வந்த மூன்றாம் நாள், அதற்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட நானும் என் மனைவியும் கடைக்குப் போனோம். வண்டி வாங்கியதே அவளுக்காகத்தான். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். முடித்துவிட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வருவாள். இறங்கும்போது தலை சுற்றும். எவனாவது எழுந்து இடம் கொடுத்தானா? உட்கார்ந்திருந்த மகராசன்கள் எல்லோரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

சீட் கவர், டேங்க் கவர், இன்ஜின் கார்டு எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தது. ஹெல்மெட் பார்க்கும்போது மட்டும், "இதைவிடப் பெரிசு கிடையாதாம், மண்டைக்கனத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கடைக்காரர் முன்னாலேயே வாரினாள்.

"பின்னாடி சாய்மானம் ஒண்ணு போடுங்க, நல்லா உயரமா" என்றேன் கடைக்காரரிடம்.

"வேணாங்க. பெட்டி போடுங்க" என்றாள் அவள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இருப்பது நான்கே துளை. சாய்மானம் போட்டால் பெட்டி இல்லை, பெட்டி போட்டால் சாய்மானம் இல்லை.

"பெட்டி எதுக்குடி?"

"தக்காளி வாங்கி ஹேண்டில்ல மாட்டிட்டு வருவீங்க. முட்டியில இடிச்சு இடிச்சுப் பாதி நசுங்கிடும்."

"தக்காளி வாங்குறது நீதானே?"

அவள் பெட்டியின் மூடியைத் திறந்து மூடி, பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இல்லாத நாளுக்குச் சாமான் வாங்குகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"சாய்மானம்தான். வேற பேச்சே கிடையாது!" என்று கத்தினேன். கடைக்காரர் ஸ்பேனரும் கையுமாக எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, கத்தாதீங்க. சாஞ்சுக்கிறேன்" என்றாள்.

பதினொரு முறை அதில் சாய்ந்து வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலும் உடனே இறங்கமாட்டாள். "ரெண்டு நிமிஷம் இருங்க, சொகுசா இருக்கு" என்பாள். நானும் காலை ஊன்றிக்கொண்டு நிற்பேன். பன்னிரண்டாம் முறை ஆம்புலன்ஸில் போனாள், திரும்பி வரவில்லை.

போன மாதம் இன்ஜின் கார்டு போல்ட் தளர்ந்து, அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அண்ணே, இதைக் கழட்டிட்டு, அக்கா அன்னிக்குப் பார்த்தாங்களே, அந்தப் பெட்டியை மாட்டிடவா? பத்து நிமிஷ வேலைதான்."

"ஒரு போல்ட்லயும் கை வைக்காதீங்க" என்றேன். அவர் என்ன பாவம் செய்தார், அவரிடமும் கத்திவிட்டேன்.

வாராவாரம் தக்காளியை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டுதான் வருகிறேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், அவள் சொன்ன மாதிரியே பாதி நசுங்கியிருக்கிறது. நசுங்கியதைத் தனியாக எடுத்து வைக்கிறேன். திட்டத்தான் ஆளில்லை.