குக்கி பற்றி நான் வெட்டிய ஆறு வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கற்பனை இல்லை. நான் செய்த ஒரு காரியத்தை நேராகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கதை என்று பேர் வைத்திருக்கிறேன். நடந்து எட்டு மாதம் ஆகிறது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) முடிச்சூரில் ஒரு சின்ன வீட்டில் ஜோதிலட்சுமி என்ற பெண், கணவன் வேலைக்குப் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து…

வேண்டாம். அவள் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை.

(ஆ) நாம் ஓர் இணையதளத்துக்குப் போகும்போது அது நம் கம்ப்யூட்டரில்…

இது கட்டுரை. கட்டுரை எழுதித்தான் இந்தக் கதி.

(இ) என் பெயர் தட்சிணாமூர்த்தி. மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன்.

இது சரி. குற்றவாளி முதலில் வரட்டும்.

2

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஓர் இலவசப் பத்திரிகை வந்து விழும். எட்டுப் பக்கம். அதில் ஆறு பக்கம் மனை விளம்பரம். மீதியில் கோயில் திருவிழா, தண்ணீர் லாரி வராத தெரு, கடைசியாக என் கணினிக் கட்டுரை. கட்டுரைக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: 'சந்தேகங்களுக்குச் சனிக்கிழமை நான்கு முதல் ஆறு வரை அலுவலகத்துக்கு நேரில் வரலாம்.' வருகிறவர்கள் ஒரு நோட்டில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து எனக்கு எத்தனை வாசகர்கள் என்று எண்ணுவது என் வழக்கம். அற்ப ஆசைதான்.

2008 நவம்பரில் நான் எழுதிய தலைப்பு: 'நீங்கள் பார்த்த தளம் பிறருக்குத் தெரியாமல் இருக்க'. டூல்ஸ் போ, இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் போ, ஹிஸ்டரியை அழி. அதே பெட்டியில் பக்கத்திலேயே 'குக்கிகளை நீக்கு' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைப் பற்றியும் ஆறு வரி எழுதியிருந்தேன். அதையும் அழுத்தாவிட்டால் ஹிஸ்டரியை அழித்துப் பயனில்லை, நீங்கள் போன தளம் உங்களை மறந்திருக்காது என்று.

அந்த ஆறு வரி அச்சில் வரவில்லை. கடைசி நேரத்தில் முடிச்சூர் மனை விளம்பரம் ஒன்று வந்துவிட்டது. ஆசிரியர் பட்டாபிராமன் வெட்டிவிட்டார்.*

* பொய். பட்டாபிராமன் போன் செய்து, "சார், ஆறு வரி குறையணும். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார். எதை வெட்டுவது என்று சொன்னவன் நான். மனைவிக்குத் தெரியாமல் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் கணவனைப் பற்றி ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். அதுவும் சரியாக ஆறு வரி. அதைத் தொட மனசு வரவில்லை. நம் கட்டுரையைப் படிப்பது கணவன்தான் என்று எனக்கு எப்படித் தோன்றியது?

3

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மறைமலை நகர் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சீருடைச் சட்டை. நோட்டில் பெயரைக் கதிரேசன் என்று எழுதி, முடிச்சூர் முகவரியும் எழுதினார். கையில் என் கட்டுரை, நான்காக மடித்தது.

(இந்தப் பாத்திரத்தை முதல் வரைவில் மீசையும் சிவந்த கண்ணுமாக எழுதினேன். அடித்துவிட்டேன். உண்மையில் அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார்.)

"சார், ஒரு டவுட்டு. எங்க கம்பெனில ஆளக் கொறச்சிகினு வரான். அதான் வேல தேடுற சைட் ஒண்ணுல போய்ப் பாத்தேன். வூட்டுக்காரிக்குக்கூடச் சொல்லல. பாத்தா, வெல்கம்னு போட்டு அவ பேரு கீது சார். ஜோதிலட்சுமின்னு."

"அவங்க அதே சைட்டுக்குப் போயிருப்பாங்க."

"அவ கம்ப்யூட்டர் பக்கமே போமாட்டா சார். ஹிஸ்டரிலயும் ஒண்ணுமே இல்ல. மவுஸ் பேட் அடில இந்தப் பேப்பர் இருந்துச்சி. நம்ம ஏரியால எழுதுறவர்னு போட்டிருந்துச்சா, கேட்டுப் போலாம்னு வந்தேன்."

வாசகரே, இங்கே நீங்கள் என்னைப் பிடித்து உலுக்க வேண்டும். ஹிஸ்டரியில் ஒன்றுமே இல்லை, மவுஸ் பேடுக்கு அடியில் என் கட்டுரை. இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு உறைக்கவில்லை. நல்ல கேள்வி கேட்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

விளக்கினேன். "ஆஸ்பத்திரில ஓ.பி. சீட்டு தராங்கல்ல? அடுத்த தடவை அதை நீட்டினா பேர், ஊர் கேக்க மாட்டாங்க. சீட்டு இருக்கிறது நம்ம கையிலதான். குக்கியும் அப்படித்தான். சைட் எழுதித் தர்ற சின்னச் சீட்டு, உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். அடுத்த தடவை போனா உங்க பிரவுசரே அதை எடுத்து நீட்டிடும். 'என்னை ஞாபகம் வை'ன்னு ஒரு கட்டம் வரும், அவங்க அதுல டிக் பண்ணியிருப்பாங்க. ஹிஸ்டரி வேற, இது வேற."

"அப்ப அவ உள்ள இன்னா போட்டுகீறான்னு பாக்கலாமா சார்?"

"அந்தப் பேர் மேல ஒரு கிளிக் பண்ணுங்க. பாஸ்வேர்டுகூடக் கேக்காது."

ஆமாம். நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கட்டுரையை மேஜை மேலேயே விட்டுவிட்டார். அதை எடுத்து விரித்தேன். ஒவ்வொரு படிக்கும் நேரே பென்சிலில் ஒரு டிக். கடைசியில், என் கிரிக்கெட் நகைச்சுவைக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன எழுத்தில்: 'இவ்வளவு செய்தால் போதுமா? அவருக்குத் தெரியாதா?'

வாசலுக்கு ஓடினேன். சண்முகம் சாலையில் அவ்வளவு கூட்டத்தில் அவரை எங்கே தேடுவது?

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டாபிராமனிடம் என் நம்பரை வாங்கிக் கதிரேசனே போன் செய்தார். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சார், நீங்க சொன்ன மாரியே உள்ள போய்டுச்சி சார். கணவரைப் பிரிந்தவர்னு போட்டுகீறா. நான் இங்க ஒரே வூட்ல, ஒரே தட்டுல துன்னுகினு கீறேன். வெளியூர் போகச் சம்மதம்னு போட்டுகீறா. நாளைக்குப் பத்து மணிக்குக் கிண்டில இன்டர்வியூவாம்."

"தம்பி, கொஞ்சம் பொறுமையா அவங்ககிட்ட…"

"அவ எங்கயும் போமாட்டா சார். ரொம்பத் தேங்க்ஸ் சார்."

நன்றி சொன்னார்! எனக்கு!

அவளுக்கு அவரிடம் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அடிப்பாரா? தெரியாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த மனிதரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு பெண் தன் பிரிவை முதன்முதலாக வேலை தேடும் தளத்தில் ஒரு கட்டத்தில் டிக் செய்துதான் சொல்ல முடிந்திருக்கிறது என்றால், வீட்டில் அதைச் சொல்ல இடமில்லை என்று அர்த்தம். எனக்கு இவ்வளவுதான் புரிகிறது.

போலீசுக்குப் போகலாமா என்று… என்னவென்று சொல்வது? குக்கி என்றா?

5

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில், நான் அவள் வீட்டுக்குப் போகும்போது ஜோதிலட்சுமி ஏற்கெனவே கிண்டிக்கு ரயில் ஏறிவிட்டாள். இதை எழுதியதும் அழகாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில், கதிரேசன் மனம் மாறி அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார். இதைப் படித்த என் மனைவி, "உங்களுக்குத் தூக்கம் வர எழுதியிருக்கீங்க," என்றாள்.

மூன்றாவது நடந்தது.

திங்கட்கிழமை காலை நோட்டில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு முடிச்சூர் போனேன். வயலாக இருந்த இடத்தில் கல் நட்டு, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். பக்கத்து வீடு பாதி கட்டி நின்றது. கதிரேசன் கம்பெனி பஸ்ஸில் எப்போதோ போய்விட்டிருப்பார். கதவில் வெளியிலிருந்து பூட்டு.

வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பக் கிளம்பினேன். (உண்மையைச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.)

"யாரு?"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம். இஸ்திரி போட்ட நீலப் புடவை. தலை வாரி, பொட்டு வைத்து, கையில் பைலோடு நின்றிருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் இன்டர்வியூவுக்குத் தயாராக நின்றிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்கிட்ட வந்தார்மா. பேப்பர்ல கம்ப்யூட்டர் பத்தி எழுதுறது நான்தான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டாள்.

"நீங்க எழுதின மாதிரியேதானே சார் செஞ்சேன். ஒண்ணுவிடாம செஞ்சேன். அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"குக்கின்னு ஒண்ணு இருக்கும்மா. அதையும் அழிக்கணும்."

"அதை ஏன் எழுதல?"

"இடம் இல்லம்மா," என்றேன்.

அவள் முகத்துக்கு நேராக அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் நம்பினாள். தலையைக்கூட ஆட்டினாள்.

"மணி என்ன சார்?"

"எட்டு நாற்பது."

"இப்ப கெளம்பினா ரயிலப் புடிச்சிடலாம்." கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "அந்தக் கட்டட மணல் மேல செங்கல் கெடக்குது பாருங்க. பூட்டு சின்னதுதான். எனக்குக் கை எட்டல."

செங்கல் கிடந்தது. எடுத்தேன். கனமாக இருந்தது. எதிர் வீட்டு வாசலில் ஓர் அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து என்னையே பார்த்தார். அடுத்தவர் வீட்டுக் கதவு. எனக்கு ஐம்பத்தொரு வயது. தாம்பரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு.

6

நான் என்ன செய்தேன் என்பது எனக்கும் அவளுக்கும் அந்த எதிர் வீட்டு அம்மாவுக்கும் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. உடைத்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். உடைக்கவில்லை என்று எழுதினால் என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

செங்கல் இப்போது உங்கள் கையில். மணி எட்டு நாற்பத்தொன்று. அவள் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள். "சார்," என்கிறாள், "இருக்கீங்களா?"