கழன்ற கப்ளிங்

ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக, பைப்புகளை இணைக்கும் கப்ளிங் கழன்று, ஓடையிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் பாதையில் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே போளூர் சரிவில் மகாதேவியின் பூண்டு வயல் காய்ந்து கிடந்தது.

"பைப்பு ஒட்டுற சொல்யூஷன்ல கலப்படம் பண்ணியிருக்கான். கொடைக்கானலுக்குப் போயி அந்தக் கடைக்காரன ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்" என்று அவள் கணவன் சக்திவேல் சட்டையை மாட்டினான்.

மகாதேவி கழன்ற பைப்பின் முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நன்றாக ஒட்டினால் பைப்பும் கப்ளிங்கும் இளகி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று பைப்பு போட்டவர் சொல்லியிருந்தார். இதுவோ வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்திருந்தது. பசை தடவிய இடத்தில் பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம். டப்பாவைத் திறந்து பார்த்தாள். உள்ளே பசை தெளிவாகத்தான் இருந்தது.

"ரெண்டு நாளு பொறுங்க. இது ஏன் வெளுத்துச்சுனு பாத்துட்டு அப்பறம் ஏசுவோம்."

மிச்சமிருந்த பைப்பை ஆறு துண்டாக அறுத்தாள். மறுநாள் விடிந்ததும், இரவெல்லாம் வெளியே கிடந்த இரண்டு துண்டை, சக்திவேல் எப்போதும் செய்வதுபோல அப்படியே கப்ளிங்கில் ஒட்டினாள். உச்சிவேளையில் அடுத்த இரண்டைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து ஒட்டினாள். மூன்றாவது ஜோடியையும் அதேபோல, ஆனால் அதற்கு அடுத்த நாள், சோதனைக்கு அரைமணி நேரம் முன்னால் ஒட்டினாள். மூன்றுக்கும் ஒரே டப்பா.

"என்ன புள்ள, பரீட்சையா வைக்கிற?" என்று கேலி செய்தாலும், பேரிக்காய் மரத்தில் கயிறு கட்டிக்கொடுத்தது சக்திவேல்தான்.

முதல் ஜோடியில் வாளியைத் தொங்கவிட்டுக் கல்லைப் போட்டார்கள். வாளி நிறைவதற்குள் பைப்பு பொட்டென்று கழன்றது. உள்ளே அதே வெள்ளை. அரைமணி நேர ஜோடி வேறு மாதிரி நடந்துகொண்டது. அது சட்டென்று விடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல நழுவி இறங்கியது. மகாதேவி குந்தி உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள்.

ஒரு நாள் காய்ந்த ஜோடி வாளியைத் தாங்கியது. ஒரு மூட்டைக் கல்லையும் தாங்கியது. சக்திவேல் மூட்டையை இறக்கிவிட்டுத் தானே தொங்கிப் பார்த்தான். கிளைதான் முனகியது.

இறங்கியவன் கழன்ற பைப்பைக் கையில் எடுத்தான். "அப்ப தப்பு எம்மேலதானா?"

"பசைக்கு ஈரம் ஆகாது. நீங்க வெள்ளனே ஒட்டிப்புட்டுச் சோலிக்குப் போறீங்க. அந்நேரம் பைப்பெல்லாம் பனியில நனைஞ்சு கெடக்கு. ஒட்டுன கையோட வால்வையும் தொறந்து விட்டுர்றோம். பெறகு எங்க பிடிக்கும்?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். கழன்ற கப்ளிங்கை அறுத்தெறிந்துவிட்டு, அன்று வெயிலிலேயே இருவருமாகப் புதிதை ஒட்டினார்கள். பூண்டு வாடினாலும் வாடட்டும் என்று மறுநாள் மதியம்வரை வால்வைத் தொடவில்லை.

திறந்தபோது பைப்பு ஒருமுறை உதறியது. கப்ளிங்கைச் சுற்றி ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. தண்ணீர் வயலுக்குள் விழும் சத்தம் கேட்டு மகாதேவி வாய்க்காலைத் திருப்ப ஓடினாள்.

பாதி வயல் நனைந்திருக்கும். மேட்டிலிருந்து சக்திவேலின் குரல் வந்தது.

"ஏ மகாதேவி, இங்க இன்னொண்ணு போச்சு. ஆனா இது கழறல. கப்ளிங்கே நெடுக்க வெடிச்சிருக்கு."

அவன் குரலில் கோபம் இல்லை. "அதத் தூக்கி எறிஞ்சுறாதீங்க" என்று கத்திவிட்டு, வால்வை மூடி, சேற்றுக்காலோடு அவள் மேடேறினாள்.