விசயதசமியன்று முரண்டு பிடித்த கீபோட்

எண்பத்தொன்பதாம் ஆண்டு விசயதசமியன்றுதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் ரைப்பிங், சுருக்கெழுத்து வகுப்புக்குள் கொம்பியூட்டர் வகுப்பும் தொடங்கியது. முதல் மாணவி கமலாவதி. அவளுடைய தகப்பன் பொன்னம்பலத்தாரைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்கும் எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. வெங்காயத் தோட்டக்காரர், கண்ணால் கண்டால்தான் நம்புவார்.

"ரீச்சர், இவள் அடிக்கிற எழுத்து இண்டைக்கு அந்தப் பெட்டியிலை விழுந்தால் சேர்க்கிறன். விழாட்டில் நாளைக்குத் தையல் வகுப்பு," என்றார்.

விடிய எழும்பிக் கொம்பியூட்டரைப் போட்டு நானே நாலு வரி அடித்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், என் கணவர் முருகேசு கும்பம் வைத்து, அதன் அடியில் சுருக்கெழுத்துப் புத்தகங்களை அடுக்கி, வீட்டுச் சாவியெல்லாம் தொங்கும் தன் திறப்புக்கோர்வையையும் அவற்றுக்குள் செருகியிருந்தார். ஓய்வுபெற்ற களஞ்சியக்காரருக்கு ஆயுதம் அதுதானே! அரிசிப் பெட்டிக்கும் பூட்டுப் போடுகிற மனிதர். கீபோட்டில் எழுத்துக்கு எழுத்து சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.

பூசை முடிந்தது. கமலாவதி கும்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தாள். ஒரு எழுத்தை அழுத்தினாள். திரையில் ஒன்றும் விழவில்லை. அடுத்ததை அழுத்தினாள். அதுவும் இல்லை.

"இவ்வளவு சந்தனத்தை அப்பினால் எழுத்து எப்பிடி விழும்?" என்று என் கணவர் மீது பாய்ந்தேன். ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிறகு கவிழ்த்துத் தட்டினேன். அட்சதை அரிசி உதிர்ந்தது. வயரைக் கழற்றித் திரும்பச் செருகினேன். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

"சுவிச்சை நூர்த்துப்போட்டுத் திரும்பப் போட்டுப் பாக்கிறன்," என்றேன்.

"சுபநேரத்திலை ஏத்தினதை நூர்க்கிறதோ? குத்துவிளக்கெண்டால் நூர்ப்பீரோ?" என்று என் கணவர் குறுக்கே வந்து நின்றார்.

பொன்னம்பலத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டார். "பிள்ளை, எழும்பு. இராகுகாலம் வரப்போகுது."

கமலாவதி எழும்பவில்லை. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சகுனமாவது மண்ணாவது! கணவரைத் தள்ளிவிட்டுச் சுவிச்சைத் தட்டிப் பெட்டியை நூர்த்தேன். உடனே திரும்பவும் போட்டேன்.

பெட்டி உறுமியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கமலாவதிதான் முதலில் வாசித்தாள்.

"கீபோட் பூட்டிக் கிடக்காம், ரீச்சர். திறக்கட்டாம்."

எல்லோரும் ஒரேயடியாக என் கணவரைப் பார்த்தோம்.

"பெட்டியின்ரை முன்பக்கத்திலை பூட்டு இருந்தது, திறப்பும் தொங்கினது," என்று அவர் இழுத்தார். "பூட்டுற சாமானைத் திறந்துபோட்டு விடலாமோ? பூட்டிக் கோர்வையிலை போட்டனான்."

"கோர்வை எங்கை?"

அவர் கும்பத்தைக் காட்டினார். "பின்னேரம் கும்பம் எடுத்தாப் பிறகுதான் அதைத் தொடலாம்."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதற்குள் கமலாவதி கும்பத்தின் முன் முழங்காலில் இருந்துவிட்டாள். "சரஸ்வதித் தாயே, கோவிக்காதை," என்று சொல்லிக்கொண்டே மெலிந்த விரல்களைப் புத்தகங்களின் இடையில் விட்டு, கும்பத்தில் ஒரு மாவிலைகூட அசையாமல் கோர்வையை இழுத்தெடுத்தாள். சின்னத் திறப்பு ஒன்று பளபளத்தது. அதைக் கோர்வையிலிருந்து கழற்றி அவளே பூட்டில் போட்டுத் திருப்பினாள்.

அவள் அடித்தாள். அவள் பெயர் பச்சை நிறத்தில் எழுத்தெழுத்தாக விழுந்தது. நான் கைதட்டினேன், வெட்கமே இல்லாமல் அழுதும்விட்டேன். பொன்னம்பலத்தார் திரைக்குக் கிட்டப் போய் மூக்கு முட்டக் குனிந்தார்.

"எங்கை, என்ரை பேரையும் ஒருக்கால் அடி பாப்பம்."

அடித்தாள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வாயைத் திறந்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பூட்டிலிருந்து கழற்றிய திறப்பை என் கணவர் மெதுவாகக் கோர்வையில் கோர்க்கப் போனார். பொன்னம்பலத்தார் அவர் கையை எட்டிப் பிடித்தார்.

"ரீச்சர், இதை மட்டும் இவரிட்டைக் குடுத்துப்போடாதையுங்கோ," என்றார். "நாளைக்கும் பிள்ளை வரவேணும்."